அந்த ஒரு நிமிடம் யார் கணக்கில்?

வாசகர் கடிதம்:

ஐயா, வணக்கம். நான் சிங்கப்பூரில் ஈசூன் வட்டாரத்தில் வசிக்கிறேன். வயது 38. மூன்று ஆண்டாக ஒரு பார்சல் கம்பெனியில் லாரி ஓட்டுகிறேன். லாரி கம்பெனியுடையது, சட்டை கம்பெனியுடையது, மசேநியும் (மத்திய சேமநிதி) கட்டுகிறார்கள். அடிப்படைச் சம்பளம் 2,400 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அதோடு மாதாமாதம் 400 வெள்ளி 'ஓடி அலவன்ஸ்', அதாவது கூடுதல் நேர (ஓவர்டைம்) வேலைக்கான படி. வாரத்தில் ஆறு நாள் வேலை.

காலை 7.30 மணிக்குக் கிடங்கில் இருக்க வேண்டும். பார்சல்களைப் பிரித்து, லாரியில் அடுக்கி, கேட்டைத் தாண்டும்போது 8.30 ஆகிவிடும். 120 வீடு, சில நாள் அதற்கும் மேல். கடைசி பார்சலைக் கொடுக்க மாலை 6.30. பிறகு கிடங்குக்குத் திரும்பி, கொடுக்க முடியாதவற்றை ஸ்கேன் செய்து ஒப்படைத்துவிட்டுக் கிளம்பும்போது 7.30. நடுவில் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் கிடைத்தால் பெரிது. நவம்பர் மாத 11.11 இணையத் தள்ளுபடி விற்பனை வந்துவிட்டால் இரவு 10 மணிகூட ஆகும்.

மேனேஜரிடம் கேட்டேன். மூன்று பதில் சொன்னார். ஒன்று, "நீ மெதுவாக வேலை செய்கிறாய், மற்றவர்கள் ஐந்து மணிக்கே முடிக்கிறார்கள், உன்னை நிற்கச் சொன்னது யார்?" இரண்டு, "மாதம் 72 மணி நேரத்துக்கு மேல் ஓடி போட அரசாங்கம் விடாது, அதனால் எழுத முடியாது." மூன்று, "ஓடி எல்லாம் அந்த 400 வெள்ளியில் அடக்கம், நீதான் கையெழுத்துப் போட்டாய்." கம்பெனி கொடுத்திருக்கும் ஆப்பிலும் நேரம் 8.30-லிருந்து 6.30 வரைதான் பதிவாகிறது. அதிலும் ஒரு மணி நேரம் சாப்பாட்டுக்குக் கழிக்கிறார்கள்.

இதில் எனக்கு உரிமை ஏதாவது இருக்கிறதா? போன மாதம் வாகன நிறுத்த அபராதம் 2 முறை சம்பளத்தில் பிடித்தார்கள். அது சரியா? என்னோடு வேலை செய்யும், மலேசியாவின் ஜொகூரிலிருந்து வரும் தம்பி ஒருவர், கேட்டால் வேலை பெர்மிட் போய்விடும் என்று வாயே திறப்பதில்லை. இந்த வேலையை விட்டுவிடலாமா என்று என் மனைவி கேட்கச் சொன்னாள்.

பதில்:

தம்பி, உங்கள் மேனேஜர் உட்கார்ந்திருக்கும் நாற்காலியில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். வேலைச் சச்சரவுகளில் ஆலோசனை சொல்ல வருவதற்கு முன், ஒரு விநியோக நிறுவனத்தில் வழித்தடம் போடுவதுதான் என் வேலை. எந்த லாரிக்கு எத்தனை வீடு என்று காலையில் முடிவு செய்கிற ஆள் நான்தான். அதனால் அவர் சொன்ன முதல் பதிலிலிருந்தே தொடங்குகிறேன். மற்ற இரண்டுக்கும் சட்டத்தில் நேரடி விடை உண்டு. முதல் பதிலில்தான் சூட்சுமம் இருக்கிறது.

ஒரு வீட்டுக்கு மூன்று நிமிடம் என்று நாங்கள் தாளில் போடுவோம். 120 வீடு என்றால் 360 நிமிடம், ஆறு மணி நேரம். போகவர ஓட்டுவதற்கு ஒரு மணி 20 நிமிடம். மொத்தம் 7 மணி 20 நிமிடம். அதை ஆறு நாளால் பெருக்கினால் சரியாக 44 மணி நேரம். சட்டம் சொல்லும் வார வரம்புக்குள் அட்டகாசமாகப் பொருந்தும். தாளைப் பார்த்தால் யாருக்கும் ஓடியே வரக்கூடாது.

அந்த மூன்று நிமிடம் எங்கிருந்து வந்தது? எங்களிடம் இருந்ததிலேயே வேகமான ஓட்டுநரோடு ஒருவரை அனுப்பி அளந்தோம். காலை பத்து மணி, லிஃப்ட் காலி, மழை இல்லை, ஒரே புளோக்கில் வரிசையாக வீடுகள். அந்த அளவை எடுத்து எல்லா வட்டாரத்துக்கும், எல்லா நாளுக்கும் பூட்டிவிட்டோம். பிற்பகலில் பள்ளி விட்டதும் லிஃப்டுக்கு நிற்கும் கூட்டம் அதில் இல்லை. கொண்டோவில் (தனியார் அடுக்குமாடி) காவலாளியிடம் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு அவர் வீட்டுக்கு போன் செய்யும்வரை நிற்பது அதில் இல்லை. கேலாங் கடைவீடுகளில் லாரியை எங்கே நிறுத்துவது என்று இரண்டு சுற்றுச் சுற்றுவது இல்லை, லிஃப்ட் இல்லாத படியில் 10 கிலோ அரிசி மூட்டையோடு ஏறுவதும் இல்லை. பூனை மண் மூட்டையும் ஒரு பார்சல்தான், போன் கவரும் ஒரு பார்சல்தான்.

உங்கள் கடிதத்தில் இருக்கும் நேரத்தை வைத்துப் பாருங்கள். 8.30-லிருந்து 6.30 வரை பத்து மணி நேரம். அதில் சாப்பாட்டு அரை மணியையும் ஓட்டுவதற்கான ஒரு மணி 20 நிமிடத்தையும் கழித்தால் 8 மணி 10 நிமிடம் மிச்சம். 120 வீட்டுக்குப் பங்கு போட்டால் வீட்டுக்கு நான்கு நிமிடம் சொச்சம். அதாவது நீங்கள் 'மெதுவாக' இருப்பதே வீட்டுக்கு ஒரு நிமிடம்தான். அந்த ஒரு நிமிடம் 120 தடவை சேர்ந்து தினமும் இரண்டு மணி நேரம் ஆகிறது. உங்களுக்கும் கம்பெனிக்கும் நடக்கிற சண்டை மாலை ஐந்து மணிக்குப் பிறகு தொடங்குவதாக இருவருமே நினைக்கிறீர்கள். அது காலையில் லாரியில் 120 என்று ஏற்றியபோதே தொடங்கிவிட்டது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், சிங்கப்பூரின் வேலை நியமனச் சட்டத்தில் ஒரு சொல் இருக்கிறது. முதலாளி 'கேட்டுக்கொண்டதன் பேரில்' ஒருவர் நாளுக்கு 8 மணி நேரத்துக்கு மேலோ, வாரத்துக்கு 44 மணி நேரத்துக்கு மேலோ வேலை செய்தால், கூடுதல் நேரத்துக்கு ஒன்றரை மடங்கு தர வேண்டும். சம்பளம் எந்த அடிப்படையில் கணக்கிடப்பட்டாலும் இது பொருந்தும் என்று சட்டமே சொல்கிறது. லாரி ஓட்டுநர் உடலுழைப்புத் தொழிலாளர் வகையில் வருவார். அந்த வகையினருக்கு அடிப்படைச் சம்பளம் 4,500 வெள்ளி வரை இந்தப் பாதுகாப்பு உண்டு. நீங்கள் 2,400. அதனால் உள்ளேதான் இருக்கிறீர்கள்.

"நிற்கச் சொன்னது யார்" என்று மேனேஜர் கேட்டது சும்மா கோபத்தில் வந்த வார்த்தை இல்லை. அந்தச் சொல்லைத்தான் பிடிக்கிறார். நாங்கள் கேட்டுக்கொள்ளவே இல்லை, இவராகவே நேரத்தை இழுத்தார் என்பது நாளைக்கு அவர்களுடைய வாதமாக இருக்கும். அதற்கு உங்கள் பதில், "ஐயா, நான் நிஜமாகவே நேர்மையாக வேலை செய்கிறேன்" என்பதாக இருந்தால் தோற்பீர்கள். எண்ணாக இருக்க வேண்டும். 120 வீட்டைக் கொடுத்து, ஒன்றையும் திருப்பிக் கொண்டுவரக் கூடாது என்று சொல்லி அனுப்புவது, அதைக் கொடுத்து முடிக்க ஆகும் நேரம் முழுவதற்கும் வேலை செய்யச் சொல்வதுதானே? ஐந்தரை மணிக்கு நீங்கள் 30 பார்சலோடு கிடங்குக்குத் திரும்பினால் என்ன சொல்வார்கள்? அதை ஒரு நாள் வாட்ஸ்அப்பில் கேட்டே வையுங்கள்: "இன்னும் 32 வீடு மிச்சம், மணி 5.40. முடிக்கவா, திரும்பி வரவா?" முடி என்று பதில் வந்தால், கேட்டுக்கொண்டதற்கு எழுத்துச் சான்று உங்கள் கையில். பதிலே வராமல் மறுநாள் திட்டு வந்தால் அதையும் தேதியோடு எழுதிவையுங்கள்.

மற்றவர்கள் ஐந்து மணிக்கு முடிக்கிறார்கள் என்பது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. எங்களிடமும் முடித்தவர்கள் இருந்தார்கள். ஒருவர் மதியம் சாப்பிடவே மாட்டார். இன்னொருவர் கதவைத் தட்டாமலே வாசலில் வைத்துப் படம் எடுத்துவிட்டு ஓடுவார், தொலைந்த புகார் வந்தால் கைக்காசு. மூன்றாமவர் மகனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு போனார், பள்ளி விடுமுறையில். அவருடைய வேகம்தான் அந்த மாதம் எங்கள் அட்டவணையில் 'சிறந்த ஓட்டுநர்' என்று போனது. இரண்டு பேர் வேலையை ஒருவர் கணக்கில் எழுதியிருக்கிறோம் என்று எனக்குத் தெரிய ஐந்து மாதம் ஆனது. தெரிந்த பிறகும் நான் இலக்கை இறக்கவில்லை, அது என் மேல் உள்ள பழி.

சரி, அடுத்து அந்த ஆப். கேட்டைத் தாண்டும்போது ஆரம்பித்து கடைசி ஸ்கேனில் முடிகிற நேரத்தைத்தான் அது வேலை நேரம் என்கிறது. சட்டம் வேறு விதமாகச் சொல்கிறது: ஒருவர் தன் நேரத்தையும் நடமாட்டத்தையும் தன் விருப்பப்படி வைத்துக்கொள்ள முடியாமல், முதலாளியின் கையில் இருக்கும் நேரம் வேலை நேரம். ஓய்வுக்கும் சாப்பாட்டுக்கும் விடும் இடைவேளை மட்டும் அதில் சேராது. 7.30-லிருந்து 8.30 வரை பார்சல் அடுக்கிக்கொண்டிருக்கும் நீங்கள் யார் கையில் இருக்கிறீர்கள்? மாலை கிடங்குக்குத் திரும்பி ஒப்படைக்கும் அந்த ஒரு மணி நேரம்? இரண்டும் வேலை நேரம்தான். சரக்கு ஏற்றும் 'லோடிங் பே'யில் இடம் கிடைக்க வரிசையில் நிற்பதும் அப்படித்தான்.

இதே அளவுகோல் உங்களுக்கு எதிராகவும் வேலை செய்யும், அதையும் சொல்லிவிடுகிறேன். நெரிசலுக்குப் பயந்து நீங்களாக 6.45-க்கே வந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தால் அது வேலை நேரம் ஆகாது. உண்மையிலேயே ஒரு மணி நேரம் கோப்பிக்கடையில் உட்கார்ந்து சாப்பிட்ட நாளில், அரை மணி என்று எழுதக் கூடாது. பேச்சுவார்த்தையில் ஒரு நாள் கணக்கு பொய் என்று தெரிந்தால் போதும், மிச்சம் இருக்கும் முன்னூறு நாளையும் நம்ப மாட்டார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கறிபஃப் கடிப்பது இடைவேளை இல்லை, அதை இடைவேளை இல்லை என்றே எழுதுங்கள். இடைவேளையே இல்லாமல் தொடர்ந்து ஆறு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்குவதும் பொதுவாகக் கூடாது.

இப்போது பணம். ஒரு மணி நேர அடிப்படை ஊதியத்துக்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. மாத அடிப்படைச் சம்பளத்தை 12-ஆல் பெருக்கி, 52 பெருக்கல் 44-ஆல், அதாவது 2,288-ஆல் வகுக்க வேண்டும். 2,400 வெள்ளிக்கு 12 வெள்ளி 59 காசு வருகிறது. ஒன்றரை மடங்கு 18 வெள்ளி 88 காசு.

முதலில் கம்பெனியின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஆப் நேரம் பத்து மணி, சாப்பாட்டுக்கு ஒரு மணி கழித்து ஒன்பது. ஆறு நாளுக்கு 54. அதில் 44 போக வாரத்துக்குப் பத்து மணி நேரம் ஓடி. 188 வெள்ளி 80 காசு. நான்கு வாரத்துக்கே 755 வெள்ளி. அவர்கள் தருவது 400. நீங்கள் சொல்லும் கணக்கு எதையும் ஏற்காமல், அவர்கள் ஆப் சொல்வதை மட்டும் நம்பினாலும், பாதியைச் சற்றே தாண்டித்தான் கொடுத்திருக்கிறார்கள். மேனேஜரிடம் பேசும்போது இந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்குங்கள். இதை அவரால் மறுக்க முடியாது, இது அவருடைய தாள்.

உங்கள் கணக்கு: 7.30-லிருந்து 7.30, அரை மணி சாப்பாடு போக பதினொன்றரை மணி. ஆறு நாளுக்கு 69. வாரத்துக்கு 25 மணி நேரம் ஓடி, 472 வெள்ளி. நான்கு வாரத்துக்கு 1,888 வெள்ளி, 400 போக 1,488. ஓர் ஆண்டுக்கு விடுப்பு, பொது விடுமுறை எதையும் கழிக்காமல் பார்த்தால் 19,744 வெள்ளி. கழித்தால் குறையும். கம்பெனி கணக்கில் அதே ஓர் ஆண்டுக்கு 5,000 வெள்ளி சொச்சம். உங்களுக்கு வர வேண்டியது இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. எந்த இடத்தில் என்பதை நீங்கள் வைத்திருக்கும் குறிப்புதான் தீர்மானிக்கும்.

மசேநியை மறந்துவிடாதீர்கள். ஓடி பணத்துக்கும் மசேநி உண்டு. 55 வயது வரை முதலாளியின் பங்கு 17 விழுக்காடு. 1,488 வெள்ளிக்கு அது 253 வெள்ளி, மாதாமாதம். வீட்டுக் கடனை மசேநியில் கட்டுகிறவராக இருந்தால் இது எவ்வளவு என்று உங்கள் மனைவிக்கு உடனே புரியும்.

72 மணி நேரம் பற்றிச் சொன்னது பாதி உண்மை. மாதம் 72 மணி நேரத்துக்கு மேல் ஓடி வேலை வாங்கக் கூடாது, கூடுதலாக வேண்டுமானால் கம்பெனி மனிதவள அமைச்சிடம் விலக்குக் கேட்க வேண்டும். அந்த வரம்பு முதலாளிக்குப் போட்ட கடிவாளம். உங்கள் கணக்கில் மாதம் நூறு மணி நேரத்தைத் தாண்டுகிறது. வரம்பை மீறி வேலை வாங்கியவரே, அந்த வரம்பைக் காட்டிக் காசு தர மறுப்பது என்ன நியாயம்? செய்த வேலைக்குப் பணம் உண்டு. 'எழுத முடியாது' என்று அவர் சொன்னதை அவர் இன்னொரு தடவை எழுத்தில் சொன்னால் உங்களுக்கு நல்லது, அவருக்குத்தான் கஷ்டம். 11.11 சமயத்தில் இரவு பத்து வரை என்பது அதைவிடப் பெரிய விஷயம். விபத்து, அவசரப் பழுது போன்ற சில விதிவிலக்குகள் தவிர ஒருவர் ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. தள்ளுபடி விற்பனை அந்த விதிவிலக்குகளில் இல்லை. 14 மணி நேரம் கழித்து விரைவுச்சாலையில் கண் சொக்கினால் தண்டனைப் புள்ளி விழுவது உங்கள் உரிமத்தில்தான், மேனேஜர் உரிமத்தில் விழாது.

கையெழுத்து விஷயம் எளிது. சட்டம் தருவதைவிடக் குறைவாக ஒப்பந்தத்தில் எழுதினால் அந்த வரி செல்லாது. மாதாமாதம் நிலையான அலவன்ஸ் கொடுப்பதில் தப்பில்லை, அது செய்த ஓடிக்கு ஈடாக இருக்கும்வரை. 400 வெள்ளி என்பது உங்கள் விகிதத்தில் 21 மணி நேரத்துக்குத்தான் வரும். நீங்கள் அதை ஒரு வாரத்தில் தாண்டிவிடுகிறீர்கள்.

இங்கே சட்டம் கைவிடும் இடம் ஒன்று இருக்கிறது. மணி நேரத்துக்கு வரம்பு உண்டு, பார்சல் எண்ணிக்கைக்கு வரம்பு எந்தச் சட்டத்திலும் இல்லை. அது பேசித்தான் வாங்க வேண்டும். அமெரிக்காவில் யுபிஎஸ் பார்சல் நிறுவனத்துக்கும் டீம்ஸ்டர்ஸ் தொழிற்சங்கத்துக்கும் உள்ள ஒப்பந்தத்தில் 'ஒன்பதரை' என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. நாளுக்கு ஒன்பதரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று ஓட்டுநர் ஒரு பட்டியலில் பெயர் கொடுக்கலாம். வாரத்தில் மூன்று நாள் அதைத் தாண்டி வேலை வாங்கினால் கம்பெனிக்கு எதிராக அவர் முறையிட்டுத் தண்டத் தொகை வாங்கலாம். தண்டம் கொடுப்பதைவிட வண்டியில் கொஞ்சம் குறைவாக ஏற்றுவது மலிவு என்று கம்பெனியை யோசிக்க வைக்கிற வழி அது. 2023-இல் ஏறக்குறைய 3,40,000 ஊழியர்கள் வேலைநிறுத்தத்துக்குத் தயாரானபோது, ஓய்வு நாளில் கட்டாய ஓடி கூடாது என்பதையும் ஒப்பந்தத்தில் சேர்த்தார்கள். நம் ஊர் நடைமுறை வேறு, இங்கே அந்த அளவுக்குப் போக மாட்டோம். ஆனால் ஓடியைக் குறைக்க வேண்டும் என்றால் கை வைக்க வேண்டியது காலை எண்ணிக்கையில் என்பதை அவர்கள் சரியாகப் பிடித்திருக்கிறார்கள்.

ஆகவே ஒரு சின்ன நோட்டு வாங்கி, இரண்டு வாரத்துக்குக் குறித்துவையுங்கள். கிடங்குக்குள் நுழைந்த நேரம், கேட்டைத் தாண்டிய நேரம், பார்சல் எத்தனை, வீடு எத்தனை (இரண்டும் வேறு வேறு, பலர் குழப்பிக்கொள்கிறார்கள்), இடைவேளை எப்போதிலிருந்து எப்போது வரை, கடைசி வீடு, கிளம்பிய நேரம். அன்றன்றைக்கே எழுதுங்கள், ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மொத்தமாக எழுதினால் பார்த்தவுடனே தெரிந்துவிடும். காலையில் ஆப் காட்டும் மொத்த எண்ணிக்கையை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். போனில் இருப்பிடப் பதிவு ஓடட்டும். வாடிக்கையாளர் பெயரும் முகவரியும் தெரியும்படி எதையும் சேமிக்காதீர்கள், அதை வைத்தே உங்களை மடக்குவார்கள்.

சம்பளச் சீட்டையும் எடுத்துப் பாருங்கள். 2016 ஏப்ரல் முதல் விவரமான சம்பளச் சீட்டு கட்டாயம். ஓடி எத்தனை மணி நேரம், அதற்கு எவ்வளவு என்பது அதில் தனியாக இருக்க வேண்டும். 'அலவன்ஸ் 400' என்று மட்டும் இருந்தால் அதுவே ஒரு குறை. வேலை நேரப் பதிவுகளைக் கடைசி இரண்டு ஆண்டுக்கு வைத்திருப்பது கம்பெனியின் கடமை.

இதையெல்லாம் கையில் வைத்துக்கொண்டு மேனேஜரிடம் போங்கள். தனியாகப் பார்க்கக் கேளுங்கள், மற்ற ஓட்டுநர்கள் முன்னால் வேண்டாம். சட்டப் பிரிவைச் சொல்லித் தொடங்காதீர்கள். "ஒரு நாள் என்னோடு லாரியில் வாருங்கள்" என்று கேளுங்கள். நான் வழித்தடம் போட்ட காலத்தில் என் மனதை மாற்றியது புகார் கடிதம் எதுவும் இல்லை. எங்கள் சூப்பர்வைசர் ஒருவர் ஒரு நாள் ஓட்டுநரோடு போய்விட்டு, மாலையில் சட்டை நனைந்து வந்து, யாரிடமும் பேசாமல் அந்த வழித்தடத்தில் 15 வீட்டைக் குறைத்தார். மேனேஜர் வரமாட்டார் என்றால் வீட்டுக்கு நான்கு நிமிடம் வைத்துத் திட்டத்தை மறுபடி போடக் கேளுங்கள். ஒன்று எண்ணிக்கை குறைய வேண்டும், இல்லையென்றால் ஓடி முழுதாக வர வேண்டும். இரண்டில் எதை வேண்டுமானாலும் அவர் தேர்ந்தெடுக்கலாம். பேசி முடித்த அன்றே என்ன பேசினோம் என்று நான்கு வரி மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.

அப்புறமும் அசையவில்லை என்றால் சச்சரவு நிர்வாகத்துக்கான முத்தரப்புக் கூட்டணி (அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம் மூவரும் சேர்ந்த அமைப்பு), சுருக்கமாக டிஏடிஎம். அங்கேதான் முதலில் சமரசம் பேச வேண்டும். முடியாமல் போனால் அவர்கள் தரும் சான்றிதழோடு நான்கு வாரத்துக்குள் வேலை நியமன உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். அங்கே வழக்கறிஞர் யாருக்கும் அனுமதி இல்லை, உங்களுக்கும் இல்லை, கம்பெனிக்கும் இல்லை. உங்களைப் போன்றவர்களுக்கு அது நல்லதே. கோரக்கூடிய தொகை 20,000 வெள்ளி வரை, தொழிற்சங்கம் வழியாகவோ முத்தரப்புச் சமரசம் வழியாகவோ வந்தால் 30,000 வரை. உங்கள் கம்பெனியில் சங்கம் இல்லாவிட்டாலும் தனி ஆளாகச் சங்கத்தில் சேரலாம். மாதச் சந்தாவை யோசித்துத் தள்ளிப்போடாதீர்கள்.

ஏனென்றால் வேலையில் இருக்கும்போது கடந்த ஓர் ஆண்டுக்குள் வந்த பாக்கியைத்தான் கேட்க முடியும். மூன்று ஆண்டாக வேலை செய்கிறீர்கள், அதில் முதல் இரண்டு ஆண்டுப் பணம் ஏற்கெனவே கைவிட்டுப் போயிற்று. இனி நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் பின்னால் ஒரு மாதம் உதிர்ந்துகொண்டே இருக்கும். கேட்டதற்காக வேலையை விட்டு நிறுத்தினால், நியாயமற்ற பணிநீக்கம் என்று தனியாகப் புகார் செய்யலாம். அதற்குக் கடைசி வேலை நாளிலிருந்து ஒரே ஒரு மாதம்தான் அவகாசம்.

வாகன நிறுத்த அபராதம்: எந்தெந்தக் காரணத்துக்குச் சம்பளத்தில் கழிக்கலாம் என்று சட்டத்தில் பட்டியல் இருக்கிறது. பொருள் சேதம், இழப்புக்குக் கழிப்பதானால் உங்கள் விளக்கத்தைக் கேட்ட பிறகுதான் முடியும், அதுவும் ஒரு மாதச் சம்பளத்தின் 25 விழுக்காட்டுக்குமேல் போகக் கூடாது. பட்டியலில் இல்லாத கழிவுக்கு உங்கள் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும். கொடுத்திருந்தாலும் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம், அதற்காகத் தண்டனை தரக் கூடாது. என்ன கையெழுத்துப் போட்டீர்கள் என்று பழைய தாள்களைத் தேடுங்கள். நிறுத்த இடமே இல்லாத வட்டாரத்தில் 120 வீடு கொடுத்தால் அபராதம் வராமல் என்ன செய்யும் என்பதும் அந்த லாரிப் பயணத்தில் மேனேஜர் பார்க்க வேண்டிய காட்சிதான்.

ஜொகூர் தம்பியிடம் சொல்லுங்கள்: வேலை நியமனச் சட்டம் குடியுரிமை பார்ப்பதில்லை. அவர் பயம் வெறும் கற்பனை என்றும் சொல்ல மாட்டேன், பெர்மிட் முதலாளி கையில் இருப்பது உண்மை. அதனால் அவர் இப்போதைக்குப் பேச வேண்டாம், நோட்டு மட்டும் எழுதட்டும். காலை நான்கு மணிக்கு எழுந்து எல்லைப் பாலத்தில் நிற்கும் நேரம் வேலை நேரத்தில் சேராது, அதை எழுதி ஏமாற வேண்டாம். சொந்த வேனில் பார்சலுக்கு இவ்வளவு என்று ஓட்டும் நண்பர்கள் யாராவது உங்களிடம் யோசனை கேட்டால், இந்தக் கணக்கை அவர்களுக்குச் சொல்லாதீர்கள். அவர்கள் நிலைமை வேறு. செயலித் தளங்களுக்கு ஓட்டுகிறவர்களுக்கு 2025 ஜனவரியில் நடப்புக்கு வந்த தள ஊழியர்கள் சட்டம் மசேநியும் விபத்து இழப்பீடும் தருகிறது, ஓடி தருவதில்லை.

கடைசியாக உங்கள் மனைவியின் கேள்வி. விடலாமா, கூடாதா என்பதை நீங்கள் இருவரும்தான் முடிவு செய்ய வேண்டும். விடுவதாக இருந்தால் வரிசை முக்கியம். வேறு வேலை உறுதியான பிறகு கடிதம் கொடுங்கள். கடைசி நாளிலிருந்து பாக்கிச் சம்பளத்துக்கு ஆறு மாதத்துக்குள் கோரிக்கை வைத்துவிட வேண்டும். ஆப் கணக்கை அவர்கள் மூடுவதற்கு முன்பே உங்கள் வேலைப் பதிவுகளைப் படம் எடுத்துவிடுங்கள். கிளம்பும் நாளில் "எல்லாப் பாக்கியும் பெற்றுக்கொண்டேன்" என்று ஒரு தாளை நீட்டுவார்கள். பக்கத்தில் நின்று கையெழுத்துப் போட அவசரப்படுத்துவார்கள், வேறு ஓட்டுநர்கள் வரிசையில் காத்திருப்பார்கள். வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வாங்கி வாருங்கள். மனைவியையும் ஒரு தடவை படிக்கச் சொல்லுங்கள்.